அரியணை ஏன் தம்பிக்குப் போனது?

முப்பது வருஷம் ஆண்ட ராஜா கண்ணை மூடுகிறார். திரையில் சாவுச் செய்தி வருகிறது. அதைத் தள்ளிவிட்டால் மூத்த மகனாக ஆட்டம் தொடர வேண்டும், தொடரவும் செய்கிறது. ஆனால் நேற்றுவரை ஒரே பச்சையாகக் கிடந்த நாடு இப்போது மூன்று நிறமாகப் பிரிந்து கிடக்கிறது. தலைநகரும் பக்கத்தில் இரண்டு ஊரும்தான் நம் பேரில். மீதியெல்லாம் நடுத் தம்பிக்கும் கடைசித் தம்பிக்கும். கடைசித் தம்பிக்கு வயது ஆறு. அவனும் ஒரு ராஜா.

‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ ஆடியவர்களில் இந்தக் காட்சியைக் காணாதவர் அநேகமாக இல்லை. உடனே வருகிற சந்தேகம், கேமில் ஏதோ கோளாறு என்பது. பழைய சேவ் ஃபைலைத் திறந்து, அதே ராஜாவை இன்னொரு தரம் சாகவிட்டு, அதே தம்பிகள் அதே பங்கை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்த பிறகுதான் கோபம் வேறு பக்கம் திரும்பும். கோளாறு அபூர்வம். பெரும்பாலும் சட்டம் சொன்னபடிதான் நடந்திருக்கும். அந்தச் சட்டத்தைப் படிக்காமலே நாம் முப்பது வருஷம் ஆண்டிருப்போம்.

ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் ஸ்டுடியோவின் தயாரிப்பு இது. முதல் பாகம் 2004-ல் வந்தது, இரண்டாவது 2012-ல், மூன்றாவது 2020 செப்டம்பர் 1-ல். போர்க் கேம் என்று நினைத்து வாங்கியவர்கள் கல்யாணப் பேச்சிலும் பங்காளிச் சண்டையிலும் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காக வெளியே வராமல் இருக்கிறார்கள். காரணம் எளிது. இதில் நாம் நாட்டை ஆடுவதில்லை, குலத்தை ஆடுகிறோம். 867-ல் தொடங்கலாம், 1066-ல் தொடங்கலாம். 1453 வரை போகலாம். நம் பாத்திரம் செத்தால் அவருடைய வாரிசாக மாறுகிறோம். நம் குலத்தில் வாரிசே இல்லாமல் போனால் ஆட்டம் முடிந்தது. ஆகவே இங்கே தோற்பது என்றால் போர்க்களத்தில் தோற்பதல்ல, வாரிசு விஷயத்தில் கோட்டை விடுவதுதான்.

புதிதாக ஆடுகிறவரின் தப்புக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், ‘என் நாடு’ என்ற நினைப்பில்தான். கேமுக்கு நாடு என்று ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பட்டங்கள். கவுன்ட்டி ஒரு பட்டம். அதற்கு மேல் டச்சி, அதற்கு மேல் ராஜ்யம், அதற்கும் மேல் பேரரசு. ஒரு ராஜாவிடம் இப்படிப் பதினைந்து இருபது பட்டங்கள் இருக்கும். செத்தபின் ஒவ்வொரு பட்டமும் தனித்தனியாக வழி தேடிக்கொண்டு போகும். நிலம் வாங்கப் போகிறவர் சர்வே எண் ஒவ்வொன்றுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார் இல்லையா, அந்தப் புத்திதான் இங்கே வேண்டும். ‘யார் என் வாரிசு?’ என்று கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். ‘இந்தப் பட்டம் எந்தச் சட்டப்படி யாருக்குப் போகிறது?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் முழுப் பதிலும் கிடைக்கும்.

மூத்தவனுக்கு மகுடம், தம்பிக்கு நிலம்

ஆட்டம் கற்றுக்கொள்பவர்களை கேமே அயர்லாந்தில் கொண்டுபோய் விடுகிறது. 1066-ல் மன்ஸ்டர் பகுதியின் சிற்றரசனாகத் தொடங்குவோம். சுற்றிலும் நம்மைப் போன்ற சில்லறை ராஜாக்கள். ஒருவனைக் கல்யாணத்தால் வளைத்து, இன்னொருவனைப் போரில் சாய்த்து, இருபது வருஷத்தில் அயர்லாந்து முழுக்க நம் கைக்கு வரும். பணம் கட்டி ‘அயர்லாந்து ராஜ்யம்’ என்ற பட்டத்தை உருவாக்குவோம். கை சும்மா இருக்காது. கடல் தாண்டி வேல்ஸில் கொஞ்சம் நிலத்தையும் சேர்ப்போம். மூன்று மகன்கள். எல்லாம் சுபம்.

அப்போது அமலில் இருக்கும் சட்டம் பாகப்பிரிவினைகளிலேயே மோசமான ரகம். கான்ஃபெடரேட் பார்டிஷன் என்று கேம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. மற்ற பாகப்பிரிவினைகள் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கும். இது இல்லாததையும் உண்டாக்கிக் கொடுக்கும். நம் ஆட்சிக்குள் வேல்ஸ் ராஜ்யத்தை அமைக்கப் போதுமான நிலம் இருந்தால், நாம் அந்தப் பட்டத்தை ஒருநாளும் உருவாக்காமல் விட்டிருந்தாலும், நாம் சாகும் நொடியில் சட்டமே அதை உருவாக்கி இரண்டாவது மகன் தலையில் வைத்துவிடும். ராஜாவுக்கு மேல் ராஜா கிடையாது என்பதால் அவன் அண்ணனுக்குக் கட்டுப்பட்டவன் அல்ல, தனி நாட்டுக்காரன். வேல்ஸ் போய்விட்டது. சண்டை போட்டு வாங்கிய அப்பாவுக்கே அது கைமாறியது தெரியாது.

மூன்றாவது மகன் கதை வேறு. அவனுக்கு ராஜ்யம் மிச்சமில்லை. ஒன்றிரண்டு டச்சிகள் கிடைக்கும். டச்சி ராஜ்யத்தைவிடச் சின்னது என்பதால் அவன் அண்ணனுக்கு அடங்கிய சிற்றரசனாக நாட்டுக்குள்ளேயே இருப்பான். இது நல்ல செய்தி மாதிரித் தோன்றும். ஆனால் அவனிடம் இருக்கும் படை நம்மிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். மேலும் அவனும் ராஜா மகன்தான் என்பது மற்ற சிற்றரசர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே போன தம்பியைவிட வீட்டுக்குள் இருக்கும் தம்பிதான் ஆபத்து.

இதையெல்லாம் சாவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாம். ஆட்சி விவரங்கள் இருக்கும் பலகையில் வாரிசுரிமைக்கென்று ஒரு பக்கம் உண்டு. இன்று செத்தால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பட்டம் என்று சின்னச் சின்னக் கேடயங்களாக அடுக்கிக் காட்டும். சட்டத்தின் பெயர்மீது மவுஸை வைத்தால் விளக்கம் விரியும். விளக்கத்துக்குள் இருக்கும் சொல்லின்மீது வைத்தால் இன்னொரு விளக்கம். ஒவ்வொரு குழந்தை பிறந்ததும், ஒவ்வொரு போர் முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்ப்பவருக்கு அதிர்ச்சி என்பதே கிடையாது. பார்க்கத்தான் யாருக்கும் மனம் வராது. வெற்றி பெற்ற கையோடு உயிலைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அயர்லாந்துக்காரருக்குத் தப்பிக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. வேல்ஸில் ராஜ்யம் அமைக்கும் அளவுக்கு நிலம் சேராமல் நிறுத்திக்கொள்வது ஒன்று. துணிந்தவர்கள் எதிர்ப்பக்கம் போவார்கள்: இன்னும் பிடித்து, பிரிட்டானியா என்ற பேரரசுப் பட்டத்தையே எடுத்துவிடுவார்கள். அப்பா பேரரசர் ஆகிவிட்டால் மூத்தவன் பேரரசன். தம்பிகள் ராஜாக்களானாலும் அவனுக்குக் கீழேதான். தலைநகர் இருக்கும் டச்சியை மட்டும் நம் நேரடிக் கையில் வலுவாக வைத்துக்கொண்டு, தூரத்தில் நாலு கவுன்ட்டியைத் தம்பிகள் பங்குக்கென்றே பிடித்து வைப்பது இன்னொரு தந்திரம். கொஞ்சம் கொடூரமான ஆட்டக்காரர்கள் இரண்டாவது மகனைப் படைத்தளபதியாக்கி, ஜெயிக்கவே முடியாத சண்டைக்கு அனுப்பிவைக்கிறார்கள். பையன் பெரும்பாலும் வீரனாகத் திரும்பி வருவான்.

இந்தப் பாகப்பிரிவினை கேம்காரர்களின் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. சார்லமேன் 806-லேயே தன் பேரரசை மூன்று மகன்களுக்குப் பிரித்து எழுதி வைத்தார். அதில் இருவர் அவருக்கு முன்பே, 810-லும் 811-லும், இறந்துபோனதால்தான் பேரரசு பிரியாமல் மிஞ்சிய மகன் லூயி கைக்கு வந்தது. லூயி 817-ல் தன் பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு செய்தார். 823-ல் இரண்டாவது மனைவிக்கு சார்ல்ஸ் என்று இன்னொரு மகன் பிறந்ததும் எழுதியதெல்லாம் குழம்பியது. அப்பாவும் பிள்ளைகளும் மாறிமாறி அடித்துக்கொண்டு, லூயி இறந்த பின் 843-ல் வெர்டன் ஒப்பந்தத்தில் பேரரசு மூன்றானது. 867-ல் ஆட்டத்தைத் தொடங்கினால் வரைபடத்தில் தெரிவது அந்தப் பிரிவினையின் மிச்சம்தான்.

அப்படியானால் சட்டத்தை மாற்றினால் என்ன?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை. தலைமகனுக்கே எல்லாம் என்ற சட்டம் கேமில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நாடுகளுக்கு அது இடைக்காலத்தின் கடைசிக் கட்டத்தில்தான் திறக்கும். அந்தக் கட்டம் 1200-க்குப் பிறகு. 1066-ல் தொடங்கியவர் நாலைந்து தலைமுறை காத்திருக்க வேண்டும். 867-ல் தொடங்கியவர் பாடு சொல்லவே வேண்டாம். இடையில் இரண்டு படிகள் உண்டு. சாதாரணப் பாகப்பிரிவினை வந்தால் புதிய பட்டம் உருவாக்கிக் கொடுக்கும் தொல்லை தீரும். அதற்கு அடுத்த படி வந்தால் மூத்தவனுக்குப் பாதி உறுதி. இவற்றுக்கெல்லாம் நம் பண்பாடு வளர வேண்டும், மகுடத்தின் அதிகாரம் ஏற வேண்டும், சிற்றரசர்கள் முறைப்பார்கள். மகுட அதிகாரத்தை உச்சிக்கு ஏற்றினால் வாரிசைக் கைகாட்டும் உரிமையும் வரும். அந்த உச்சிக்கு எந்தச் சிற்றரசனும் நம்மைச் சும்மா ஏறவிடமாட்டான்.

இன்னொரு சட்டத்தின்மேல் அவசரப்பட்டுக் கைவைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு: குலத்தில் வயதில் மூத்தவருக்கே ஆட்சி என்னும் முறை. பாகப்பிரிவினை இல்லை, நாடு உடையாது. ஆனால் அடுத்த ராஜா மகனாக இருக்கமாட்டார். எங்கோ ஒரு மூலையில் கிடந்த அறுபத்தெட்டு வயதுப் பெரியப்பா வந்து உட்காருவார். மூன்று வருஷத்தில் அவர் போனால் அடுத்த கிழவர். ‘என் மகன் எங்கே போனான்?’ என்ற புகாருக்கு இங்கே பதில் ஒன்றுதான்: அவன் வரிசையில் நிற்கிறான், முன்னால் ஏழு பேர் இருக்கிறார்கள்.

என் கட்சியைக் கேட்டால், தலைமகன் முறை வந்ததும் இந்த கேமில் பாதி உயிர் போய்விடுகிறது. தம்பிகள் இல்லாத அரண்மனையில் செய்வதற்கு என்ன இருக்கிறது? பாகப்பிரிவினை இருக்கும்வரை ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்கும். அந்தச் சலிப்பும் வெறியும்தான் ஆட்டம்.

ஓட்டுப் போடுகிறவர்கள்

புதிர்களில் இன்னொரு ரகம், வாரிசுரிமை தம்பிக்கோ மகனுக்கோ போகாமல் சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போவது. அங்கே தேர்வு முறை இருக்கும். புனித ரோமப் பேரரசில் இளவரசர்கள் ஓட்டு, இங்கிலாந்தின் ஆங்கிலோ சாக்சன்களிடம் ஒரு வகை, ஸ்காண்டிநேவியாவில் ஒரு வகை, அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் குடும்பத்துக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் டானிஸ்ட்ரி. டச்சியும் அதற்கு மேற்பட்ட பட்டங்களும்தான் ஓட்டுக்கு வரும். கவுன்ட்டிகள் வழக்கம்போல் பிள்ளைகளுக்கே. அதனால்தான் மகுடம் ஒன்றுவிட்ட சகோதரனுக்கும் சொந்த ஊர் மகனுக்குமாகப் பிரிந்துபோகிறது. ராஜாவாக ஆடிக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் வேறொரு ராஜாவுக்குக் கப்பம் கட்டுகிற சிற்றரசராக எழுந்திருப்பார்.

ஓட்டு நிலவரம் ஒரே மாதிரி இருக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நேற்று மூத்த மகனுக்கு ஆதரவாக இருந்த சிற்றரசன் இறந்திருக்கலாம். அவன் மகனுக்கு நம் முகமே பிடிக்காமல் இருக்கலாம். ஒரு பட்டத்தை நாம் பறித்த கோபம் அடுத்த தேர்தலில் வெளிவரும். ஆகவே வாரிசு திடீரென மாறினால் முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தை அல்ல, வாக்காளர் பட்டியலை.

ஆனால் இந்தக் கத்தியையே நம் பக்கம் திருப்பலாம். நமக்கு இரண்டு டச்சிகள். இரண்டாவது டச்சி தம்பிக்குப் போகப் போகிறது. அந்த டச்சிப் பட்டத்துக்கு மட்டும் தேர்வு முறையைப் போட்டுவிட்டால், அது பாகப்பிரிவினையிலிருந்து வெளியே வந்துவிடும். அங்கே ஓட்டுள்ள சிற்றரசர் யாருமில்லை என்றால் வாக்காளர் நாம் ஒருவர்தான். நம் ஓட்டு மூத்தவனுக்கு. பழகிய ஆட்டக்காரர்கள் பலர் தலைமகன் சட்டம் வரும்வரை பிழைப்பது இந்த ஓட்டையை வைத்துத்தான்.

தேர்வு முறையின் நிச்சயமின்மையும் வரலாற்றிலிருந்து எடுத்ததே. புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹென்றி தன் பதவியைப் பரம்பரையாக்கப் பார்த்தார், இளவரசர்கள் மசியவில்லை. சரி, மகனையாவது முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள் என்றார். 1196-ல் கைக்குழந்தையான ஃபிரெட்ரிக்கை அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஹென்றி இறந்தார். குழந்தைக்கு வயது இரண்டு. 1198-ல் அதே இளவரசர்கள் அந்தத் தேர்வைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கூட்டம் ஸ்வேபியாவின் ஃபிலிப்பையும் மறு கூட்டம் ஆட்டோவையும் ராஜா ஆக்கின. ஓட்டு வாங்கியாகிவிட்டது என்று நிம்மதியாகச் செத்த அப்பா ஏமாந்தார்.

2024-ல் வந்த ‘ரோட்ஸ் டு பவர்’ சேர்க்கைக்குப் பிறகு பைசாந்தியப் பேரரசில் ஆடுகிறவர்களுக்குப் புதிய குழப்பம். அங்கே ஆளுநர் பதவி சொத்தல்ல, நியமனம். செல்வாக்கைச் செலவழித்து மகனை வேட்பாளர்களில் முன்னுக்குத் தள்ளாவிட்டால் பதவி பக்கத்துக் குடும்பத்துக்குப் போகும். மேற்கு ஐரோப்பாவில் ஆடிப் பழகிய கை இதை உணர ஒரு சாவு தேவைப்படுகிறது.

பேரனா, தம்பியா?

மூத்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டான். அடுத்தது இரண்டாவது மகன்தானே என்று நாம் அவனைச் சீராட்டி வளர்ப்போம். திரையைப் பார்த்தால் வாரிசு என்று நிற்பது தொட்டில் குழந்தை: செத்துப்போன மூத்தவனின் மகன். மூத்தவனுடைய இடம் காலியாகவில்லை, அவன் பிள்ளை அதில் ஏறி நிற்கிறது என்பதே கேமின் கணக்கு. இரண்டாவது மகனுக்குச் சாணக்கியனின் மூளை இருந்தாலும் பயனில்லை.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒப்புதலாக இருந்ததில்லை. 1199 ஏப்ரலில் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் அம்புக் காயத்தில் இறந்தபோது சட்டபூர்வமான பிள்ளை இல்லை. அவருக்கு அடுத்த தம்பி ஜெஃப்ரி 1186-லேயே இறந்திருந்தார். இறந்த பிறகு 1187-ல் பிறந்த மகன் ஆர்தருக்குப் பன்னிரண்டு வயது. கடைசித் தம்பி ஜான் உயிரோடு இருந்தார். நார்மண்டியும் இங்கிலாந்தும் ஜானை ஏற்றன; ஆஞ்சூ, மேன் பகுதிப் பிரபுக்கள் ஆர்தர் பக்கம் நின்றார்கள். ஒரே மனிதர் விட்டுப்போன சொத்துக்கு ஊருக்கு ஊர் வேறு வழக்கம். பட்டத்துக்குப் பட்டம் சட்டம் மாறுகிறதே என்று கேமைத் திட்டுகிறவர்கள் 1199-ல் பிறந்திருந்தால் நிஜத்தையே திட்டியிருப்பார்கள். 1202-ல் மிரபோவில் ஆர்தரை ஜான் பிடித்தார். 1203-க்குப் பிறகு பையனைப் பார்த்தவர் இல்லை.

மருமகன் வீட்டுப் பேரன்

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு பெண்ணின் கல்யாணத்தில் நடக்கிறது. மகன் இல்லை, மகள் வாரிசு. ஆண்களுக்கு முன்னுரிமை தரும் சட்டத்தில் சகோதரன் இல்லாத பெண்ணுக்கு அரியணை தடையில்லை, ஜாம்ஜாமென்று பட்டமேறுவாள். நல்ல இடமாகப் பார்த்துப் பக்கத்து ராஜா மகனுக்குக் கட்டிவைத்திருப்போம். அவளுக்குப் பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளை அப்பன் குலம். அவள் காலம்வரை ஆட்டம் ஓடும். அவள் கண்ணை மூடியதும் நாடு மருமகன் வீட்டுக்குப் போகும், திரையில் ‘ஆட்டம் முடிந்தது’ என்று வரும். கல்யாணம் பேசும்போதே தாய்வழிக் கல்யாணம் என்று ஒரு கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிள்ளைகள் அம்மாவின் குலத்தில் பிறப்பார்கள். பெரிய இடத்து மாப்பிள்ளைகள் இதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். வீட்டோடு வர ஒப்புக்கொள்ளும், பட்டத்துக்கு வழியில்லாத நாலாவது மகன்களைத்தான் தேட வேண்டும்.

இங்கிலாந்தின் முதலாம் ஹென்றிக்கு இந்த டிக் கட்டம் கிடைக்கவில்லை. 1120 நவம்பர் 25 இரவு நார்மண்டிக் கரையில் ‘ஒயிட் ஷிப்’ கவிழ்ந்தது. அவருடைய ஒரே சட்டபூர்வ மகன் வில்லியம் அதில் மூழ்கினான். மனைவிக்கு வெளியே இருபதுக்கு மேல் பிள்ளைகள் ஹென்றிக்கு இருந்தார்கள். அவர்களில் க்ளாஸ்டர் பிரபு ராபர்ட் நாட்டையே ஆளும் திறமைசாலி. பயனில்லை, வரிசையில் இடம் கிடையாது. மகள் மாட்டில்டாவை ஏற்போம் என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1128-ல் அவளை ஆஞ்சூவின் ஜெஃப்ரிக்குக் கட்டிவைத்தார். 1135 டிசம்பர் 1-ல் ஹென்றி இறந்தார். அந்த மாதம் 22-ல் அக்காள் மகன் ஸ்டீபன் முடிசூடிக்கொண்டார். சத்தியம் செய்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்நாட்டுச் சண்டை 1153 வரை நீண்டது. 1154-ல் மாட்டில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி அரியணை ஏறினார்: அம்மா வழியில் ராஜா, அப்பா வழியில் ஆஞ்சூக்காரர். நார்மன் குலத்தை ஆடிக்கொண்டிருந்தவருக்கு அதோடு ஆட்டம் முடிந்தது.

கேமின் வரைபடம் தமிழகம்வரை நீள்வதால் இதன் அச்சு நகல் நம் பக்கத்திலும் இருக்கிறது. 1066-ல் சோழ நாட்டை ஆண்டவர் வீரராஜேந்திரன். அதற்கு முன்பே சோழர்கள் வேங்கிச் சாளுக்கியர்களுக்குப் பெண் கொடுத்து வந்திருந்தார்கள்: ராஜராஜன் தன் மகள் குந்தவையை விமலாதித்தனுக்குக் கொடுத்தார், ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையை அந்தக் குந்தவை மகன் ராஜராஜ நரேந்திரனுக்குக் கொடுத்தார். 1070-ல் வீரராஜேந்திரன் மறைந்தார். பின்னால் வந்த அதிராஜேந்திரன் கொஞ்ச காலத்திலேயே மடிந்தார். அம்மங்கையின் மகன் வேங்கியிலிருந்து வந்து முதலாம் குலோத்துங்கன் என்று அமர்ந்து, சுமார் அரை நூற்றாண்டு ஆண்டார். வரலாறு அவரைச் சோழர் வரிசையில்தான் எழுதியிருக்கிறது. கேமின் கணக்கில் அவர் சாளுக்கியர். அவர் பட்டமேறும் அன்று சோழ குலத்தை ஆடுகிறவர் கடையைக் கட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கேம், நிஜத்தைவிடக் கறாரானது. தாய்மாமன் வீட்டுப் பட்டத்தைச் சூடி அந்தக் குலத்தின் பெயராலேயே ஆளுகிற ஒருவரை ஏற்றுக்கொள்ள அதில் இடமில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

வரிசையிலிருந்து ஆளைக் குறைப்பது

பாகப்பிரிவினைக்கு ஆள் குறைந்தால் பங்கு கூடும். மனைவி அல்லாதவளுக்குப் பிறந்த பையன்மேல் பாசம் பொங்கி அவனைச் சட்டபூர்வமாக்கியவர்கள், அந்தப் பாசத்துக்கு ஒரு டச்சியை விலையாகக் கொடுத்திருப்பார்கள். ஆசைநாயகிகளை அனுமதிக்கும் மதங்களில் ஆடினால் இன்னும் மோசம். பிள்ளைகள் வரிசையாகப் பிறந்து எல்லோரும் பங்குக்கு நிற்பார்கள். மறுபக்கம், வாரிசுரிமையை ரத்து செய்வதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. குலத்தின் தலைவராக இருக்க வேண்டும். தலைமுறைகளாகச் சேர்த்த குலப்புகழ் அதற்குச் செலவாகும். செலவில்லாத வழி மடம். இளைய மகனைத் துறவறம் மேற்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். ஒப்புக்கொண்டால் அவன் பங்கு காலி.

சார்லமேன் குடும்பம் இதில் கைதேர்ந்தது. தனக்கு எதிராக 792-ல் சதி செய்த மூத்த மகன் கூனன் பிப்பினின் தலையை மழித்து ப்ரூம் மடத்துக்கு அனுப்பினார் சார்லமேன். அதே குலத்தின் இரண்டாம் லோதேருக்கு எதிர்ப்பக்கத்துத் தலைவலி: பட்டத்து ராணி டியட்பெர்காவுக்குப் பிள்ளையில்லை, ஆசைநாயகி வால்டிராடாவுக்கு ஹியூ என்று மகன் இருந்தான். ராணியைத் தள்ளிவைத்து வால்டிராடாவை மணந்தால் மகன் வாரிசாவான். போப் விடவில்லை. 869-ல் லோதேர் இறந்தார். 870-ல் மெர்சன் ஒப்பந்தத்தில் சித்தப்பாக்கள் இருவரும் நாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 867-ல் தொடங்கினால் இந்த லோதேராகவே ஆடலாம். மீதி வாழ்க்கை எவ்வளவு என்று தெரிந்து ஆடுவது ஒரு தனி விளையாட்டு.

நிஜமான கோளாறே கிடையாதா என்றால், உண்டு. கேமை மாற்றியமைக்கும் மோட்கள் போட்டு ஆடுகிறவர்கள் முதலில் அவற்றை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வாரிசுச் சட்டத்தில் கைவைக்கும் மோட்கள் ஏராளம். கேம் அப்டேட் ஆன மறுநாள் பழைய சேவ் ஃபைலில் விபரீதம் நடந்தால் அதையும் சந்தேகிக்கலாம். அதெல்லாம் கடைசியில். பட்டம், சட்டம், வாக்காளர், கல்யாணம் ஆகிய நாலையும் பார்த்த பிறகு.

நடந்தது நடந்துவிட்டது

பழைய சேவுக்குத் திரும்ப வழியில்லாத அயர்ன்மேன் முறையில் ஆடுகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: இனி என்ன? தம்பிகள் எடுத்துக்கொண்டு போன பட்டங்களின்மேல் அண்ணனுக்குப் பாத்தியதை இருக்கும். அதை வைத்துப் போர் தொடுக்கலாம். தம்பிகளும் பச்சைப்பிள்ளைகளாக, படையில்லாமல் நிற்கும் முதல் சில வருஷங்கள்தான் தோதான காலம். விஷம் வைத்து முடிக்கலாம் என்று தோன்றும். குட்டு வெளிப்பட்டால் உறவுக்கொலைகாரன் என்ற முத்திரை சாகும்வரை கூடவே வரும், சொந்தக்காரர் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள். பிடித்துச் சிறையில் போட்டுப் பேரம் பேசுவது மேல். பாத்தியதையைக் கைவிட்டால் விடுதலை என்று நிபந்தனை போடலாம்.

வெற்றிவீரன் வில்லியம் 1087-ல் இறந்தபோது மூத்தவன் ராபர்ட்டுக்குப் பரம்பரைச் சொத்தான நார்மண்டி, அடுத்த மகன் ரூஃபஸுக்குப் போரில் வென்ற இங்கிலாந்து, கடைசி மகன் ஹென்றிக்கு (பின்னாளில் ‘ஒயிட் ஷிப்’பில் மகனைப் பறிகொடுத்த அதே முதலாம் ஹென்றி) நிலமில்லை, வெறும் பணம். 1100 ஆகஸ்ட் 2-ல் ரூஃபஸ் வேட்டைக் காட்டில் அம்பு பட்டு இறந்தார். ராபர்ட் சிலுவைப் போரிலிருந்து இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஹென்றி வின்செஸ்டர் கஜானாவைக் கைப்பற்றி மூன்றே நாளில், ஆகஸ்ட் 5-ல், முடிசூடிக்கொண்டார். 1106-ல் டின்ஷப்ரே போரில் அண்ணனைப் பிடித்து நார்மண்டியையும் எடுத்தார். ராபர்ட் இருபத்தெட்டு வருஷம் சிறையிலேயே கிடந்து 1134-ல் கார்டிஃபில் இறந்தார். ஒன்றுமில்லாமல் நின்ற கடைக்குட்டி, அப்பா விட்டுப்போன இரண்டையும் சேர்த்துவிட்டார். கேமில் இப்படி ஒரு ஆட்டம் ஆடியவர் அதைப் பத்து பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்.

ஒரே ஒரு சறுக்கல். ராபர்ட்டுக்கு க்ளிட்டோ என்று ஒரு சின்னப் பையன் இருந்தான். டின்ஷப்ரேவுக்குப் பிறகு அவனும் கைக்குள்தான் இருந்தான். ஹென்றி இரக்கப்பட்டு ஒரு பிரபுவின் பொறுப்பில் விட்டார். அவன் வளர்ந்து, பிரான்ஸ் ராஜாவின் ஆதரவோடு நார்மண்டி என் அப்பன் சொத்து என்று கிளம்பி, 1128-ல் ஃபிளாண்டர்ஸில் காயம்பட்டுச் சாகும்வரை ஹென்றியைத் தூங்கவிடவில்லை. கேமிலும் பாத்தியதை பிள்ளைக்கு இறங்கும். தம்பியைச் சிறைபிடித்ததும் அவன் குடும்பப் பக்கத்தைத் திறந்து, பிள்ளைகள் எத்தனை, இப்போது யார் அரண்மனையில் வளர்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.